நியுமோனியாவுடன் வைத்தியசாலையில்: அப்பாவின் கட்டிலருகே நான் கற்றவை

வயதான ஒருவரை நியுமோனியாவுக்காக வைத்தியசாலையில் அனுமதித்த பின்னர், காய்ச்சல் எத்தனை, இருமல் குறைந்ததா என்ற இரண்டையுமே வீட்டார் திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டிருப்பார்கள். என் தந்தையார் இந்நோயுடன் கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் வாரக்கணக்கில் தங்கியிருந்தபோது, அவருக்கு வந்த ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெளியேதான் இருந்தன. நுரையீரலில் தொடங்கிய தொற்று நெஞ்சறையில் நீராகவும், இரவில் மனக்குழப்பமாகவும், சிறுநீர்க் குறைவாகவும், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையாகவும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டது. அவற்றுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் வைத்தியர்களும் தாதியரும். ஆனால் அவற்றுள் சிலவற்றின் முதல் அறிகுறி, அவரைச் சுகமாக இருந்த காலத்தில் அறிந்த எங்கள் கண்ணுக்கே முதலில் பட்டது. நோயாளியின் அருகில் இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும், எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. பல வருடங்களாக நீரிழிவும் உண்டு. புறக்கோட்டையில் நீண்டகாலம் கடை நடத்தி ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கிறார். நோய் தொடங்கியபோது அவருக்குப் பெரிய காய்ச்சல் இருக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். பகலிலும் படுத்தே கிடந்தார். பேசும்போது ஒரு வசனத்தை முடிக்கும் முன் மூச்சு வாங்கியது. வயதானவர்களிடம் நியுமோனியா பல வேளைகளில் இப்படித்தான், கடும் காய்ச்சலோ நெஞ்சு வலியோ இல்லாமல், சோர்வாகவும் பசியின்மையாகவும் தள்ளாட்டமாகவும் தொடங்குகிறது என்பதைக் குடும்ப வைத்தியர் விளக்கினார். அவர் செய்த முதற்காரியம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அப்பாவின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணியது. அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை சுவாசிப்பார். அப்பாவின் எண்ணிக்கை 30ஐத் தாண்டியிருந்தது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொன்னார். அச்சேவைக்குக் கட்டணம் இல்லை. வண்டியிலேயே ஒட்சிசனும் கொடுத்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஐந்து விடயங்களைப் பார்த்தார்கள்: நோயாளி குழப்பமாகப் பேசுகிறாரா, குருதியில் யூரியா என்ற கழிவுப்பொருள் லீற்றருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் இருக்கிறதா, சுவாசம் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா, குருதி அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் குறைவாகவோ கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழாகவோ உள்ளதா, வயது 65 அல்லது அதற்கு மேலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்றும் அதற்கு மேலும் என்றால் கடுமையான நோய் என்று கொள்ளப்படும். 2003ஆம் ஆண்டிலிருந்து உலகின் பல நாடுகளில் பயன்படும் இக்கணிப்பு வைத்தியர்களுக்கானது. எனினும் வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து. இந்த ஐந்தில் மூச்சின் வேகத்தையும் பேச்சின் தெளிவையும் கட்டிலருகே இருக்கும் எவரும் கவனிக்கலாம்.

குருதி நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றத் தொடங்கியதும் காய்ச்சல் இறங்கியது; அப்பா கொஞ்சம் கஞ்சி குடித்தார்; நாங்கள் ஆறுதலடைந்தோம். பின்னர் ஒரு மாலையில் காய்ச்சல் மீண்டும் ஏறியது. வலப்பக்கம் சரிந்து படுப்பதை அவர் தவிர்ப்பதையும், ஆழமாக மூச்சு எடுக்கும்போது முகத்தைச் சுளிப்பதையும் நான் கவனித்தேன். சரியான மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள் நோயாளி தெளிவாகத் தேற வேண்டும். தேறாவிட்டாலும், தேறிய பின் காய்ச்சல் திரும்பினாலும் வைத்தியர்கள் சில கேள்விகளை எழுப்புவார்கள். கிருமி இந்த மருந்துக்கு அடங்காததா? நோய் வேறொன்றா? நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்துவிட்டதா? நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டி உருவாகிவிட்டதா? அடுத்த நாள் காலை பெரிய வைத்தியர் சுற்றுக்கு வந்தபோது, அப்பா எந்தப் பக்கம் படுக்க மறுக்கிறார் என்பதைச் சொன்னேன். அவர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, அன்றே எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் எழுதினார்.

நெஞ்சறையில் நீர் சேர்வது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் காலதாமதம் பெரும் வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வுக்கும் நெஞ்சுச் சுவரின் உட்சவ்வுக்கும் இடையே சாதாரணமாக மிகச் சிறிதளவு திரவமே இருக்கும். அருகில் அழற்சி ஏற்படும்போது அங்கு நீர் கசிகிறது. பக்ரீரியா நியுமோனியாவுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோரில் 100 பேருக்கு 20 முதல் 40 பேர் வரையில் இவ்வாறு நீர் சேர்வதாகக் கணக்கிடுகிறார்கள். பலருக்கு அது நுண்ணுயிர்க்கொல்லியுடனேயே வற்றிவிடும். சிலருக்கு அந்த நீருக்குள் கிருமி புகுந்து, முதலில் அது கலங்கி, பின்னர் நார்நாராக அறைகள் கட்டி, இறுதியில் சீழாகத் திரள்கிறது. அறைகள் கட்டிய பின் ஒரு குழாயால் முழுவதையும் வடிக்க முடியாது. குழாய் வழியாக நார்களைக் கரைக்கும் மருந்து செலுத்தவோ, நெஞ்சறுவைச் சிகிச்சை செய்யவோ நேரிடும். நவீன மருத்துவக் கல்வியின் பெரும் ஆசானாகிய வில்லியம் ஒஸ்லர் 1919 டிசம்பரில் இறந்ததும் நியுமோனியாவைத் தொடர்ந்த இந்த நெஞ்சறைச் சீழால்தான். நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத காலம் அது. இன்று மருந்து உண்டு. ஆனாலும் மூடிய இடத்தில் கட்டிய சீழுக்குள் மருந்து போதியளவு சென்றடைவதில்லை என்பதால், வடித்தெடுப்பது இன்றும் சிகிச்சையின் பாதி.

அப்பாவிடமிருந்து ஊசியால் எடுத்த நீர் மங்கலான மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதன் அமிலத்தன்மையைப் பார்ப்பார்கள்; பீஎச் அளவு 7.2க்குக் கீழே சென்றால் குழாய் போட வேண்டும் என்பது பொதுவான விதி. அவருக்குப் போட்டார்கள். விலா எலும்புகளுக்கிடையே செருகிய மெல்லிய குழாய், கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்த ஒரு போத்தலுக்குள் சென்று, அதிலுள்ள நீருக்குள் அமிழ்ந்திருந்தது. அப்பா மூச்சை உள்ளிழுக்கும்போது குழாய்க்குள் நீர்மட்டம் விரலளவு ஏறும், விடும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் குழாய் திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் என்று தாதி எனக்குக் காட்டித் தந்தார். அசைவு நின்றுவிட்டால் குழாய் மடங்கியிருக்கலாம், அடைபட்டிருக்கலாம், அல்லது நுரையீரல் முழுதாக விரிந்திருக்கலாம். எதுவென்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள், நாம் உடனே சொன்னால் போதும். போத்தல் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கழிப்பறைக்கு நடத்திச் செல்லும்போது கையிலே உயர்த்திப் பிடித்தால், போத்தலிலுள்ள நீர் திரும்ப நெஞ்சுக்குள் போகக்கூடும். ஒரே நேரத்தில் நிறைய நீர் வடிந்தபோது தாதி வந்து குழாயைச் சிறிது நேரம் மூடி வைத்தார். நீர் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால், சுருங்கியிருந்த நுரையீரல் திடீரென விரிந்து அதற்குள்ளேயே நீர் கசியக்கூடும் என்பதே காரணம். அந்த அடைப்பானை நாமாகத் திறக்கவோ மூடவோ கூடாது.

நீர் வடியத் தொடங்கிய நாட்களில்தான் இரவுக் குழப்பம் வந்தது. அப்பா பகலில் ஓரளவு அமைதியாக இருந்து, விளக்கணைத்த பின் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "தம்பி, கடைத் திறப்பு எங்கை? பூட்டாமல் வந்திட்டம்" என்று கட்டில் விரிப்பைத் தடவித் தேடுவார், மருந்து ஏற்றக் கையில் செருகியிருந்த கனூலாவைக் கழற்றப் பார்ப்பார். அரை நூற்றாண்டாகப் புறக்கோட்டையில் சரளமாகச் சிங்களம் பேசிய மனிதர், அந்த இரவுகளில் ஒரு சிங்களச் சொல்லும் பேசவில்லை. இரவுப் பணியிலிருந்த தாதிக்குத் தமிழ் விளங்காது. அவர் ஏதோ வேண்டுமென்று கேட்கிறார், தண்ணீர் தரலாம் என்றே அத்தாதி நினைத்திருந்தார். அவர் சொல்வது நடப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றும், அவர் வழமையில் கணக்கை மனத்தாலேயே போடுகிற தெளிவான மனிதர் என்றும் நான் சொன்ன பிறகே, இது மனக்குழப்ப நிலை என்று பதிவு செய்து, ஒட்சிசன் அளவு, சீனி, உப்புச் சத்துகள், சிறுநீர்த் தேக்கம் எல்லாவற்றையும் சோதித்தார்கள்.

கொழும்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். குழம்பிய நோயாளி தாய்மொழிக்குத் திரும்பிவிடும்போது, அந்த மொழி தெரியாதவர்களுக்கு அவருடைய குழப்பமே தெரியாமற் போகலாம். அதைவிட ஆபத்தானது சத்தமில்லாத குழப்பம். நோயாளி அடம்பிடிக்காமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், கண்ணை மூடி மயங்கிக் கிடப்பார். "நல்லா நித்திரை கொள்கிறார்" என்று எல்லோரும் நிம்மதியாக விட்டுவிடுவார்கள். கூப்பிட்டு எழுப்பி, இன்று என்ன கிழமை, பேரப்பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு உதவியவை மருந்தைவிடச் சிறிய காரியங்களே: மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, கண்ணுக்கெட்டும் இடத்தில் ஒரு மணிக்கூடு, பகலில் யன்னலோரம் உட்காருதல், இரவில் தெரிந்த ஒருவரின் குரல். ஆண்கள் விடுதி என்பதால் இரவில் தங்க எனக்கு அனுமதி கிடைத்தது. கேட்டால் தருகிறார்கள், காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சிறுநீரகமும் இதயமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்று குருதிக்குள் பரவி உடல் முழுவதும் அதற்கு எதிர்வினை காட்டும் நிலையில் குருதி அழுத்தம் சரிகிறது. சிறுநீரகத்துக்குப் போதிய குருதி செல்வதில்லை. சிறுநீர் குறைந்து கருமையாகிறது. வீட்டில் வழமையாகக் குடிக்கும் பிரசர் மாத்திரைகளையும் நீரிழிவுக்கான மெட்போர்மினையும் வைத்தியர்கள் இதனால்தான் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மாத்திரை தவறிவிடுகிறதே என்று வீட்டிலிருந்து கொண்டுபோய் நோயாளிக்கு இரகசியமாகக் கொடுப்பவர்களைப் பக்கத்துக் கட்டில்களில் கண்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதயத்தைப் பொறுத்தவரை, ஒருநாள் அப்பா நெஞ்சு படபடக்கிறது என்றார். ஈசிஜியில் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிப்பது தெரிந்தது. நியுமோனியாவின்போது இத்தகைய துடிப்புக் கோளாறும், இதயம் தளர்ந்து நீர் தேங்குவதும், மாரடைப்பும் கூட ஏற்படுவது அறியப்பட்ட விடயம். அந்த அபாயம் நோய் குணமான பின்னரும் சில காலம் நீடிக்கிறது. ஆகவே படபடப்பு, நெஞ்சு இறுக்கம், கால் வீக்கம் ஆகியவற்றைச் சளியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வைத்தியசாலைக்குள் வந்த பிறகு இன்னொரு நியுமோனியா பிடிக்கலாம் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். அனுமதித்து 48 மணித்தியாலங்களுக்குப் பின் புதிதாகத் தோன்றுவதைத் தனி வகையாகக் கணிக்கிறார்கள், ஏனெனில் அங்குள்ள கிருமிகள் பல வேளைகளில் சாதாரண மருந்துகளுக்கு அடங்குவதில்லை. வயதானவர்களில் அதன் முக்கியமான வாசல் விழுங்கும் பாதை. சோர்ந்த நோயாளி படுத்தபடி குடிக்கும் தேநீரின் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அப்பா ஒரு மிடறு குடித்ததும் செருமுவதையும், அதன்பின் அவருடைய குரல் ஈரமாகக் கரகரப்பதையும் கேட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரை வரவழைத்தார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியது உறுதியான பின் அடுத்த வாய் என்று ஊட்டப் பழக்கினார். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பாதுகாப்பாக இறங்கியது. சாப்பிட்ட பின்னும் அரை மணித்தியாலம் சாய்ந்திருக்க வேண்டும். மற்ற நேரங்களில் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருப்பது நல்லது. அன்புடன் வரும் உறவினர்கள் நித்திரையில் இருப்பவரை எழுப்பி, படுத்தபடியே சூப் பருக்குவதை நிறுத்துவதுதான் எனக்குக் கடினமான வேலையாக இருந்தது. அத்தைமாரிடம், "மாமி, அவர் முழுசா முழிச்சு உட்காரட்டும், பிறகு நீங்களே குடுங்கோ" என்று தினமும் கேட்டுக்கொண்டேன்.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பல்லும் நாக்கும் துலக்கப்படாத வாயில் பெருகும் கிருமிகளே எச்சிலுடன் கீழே இறங்குகின்றன. காலையும் இரவும் பல் துலக்கி, பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைத்தோம். எந்தக் கருவியும் செலவும் தேவைப்படாத இந்த வேலையைக் குடும்பத்தினர் முழுமையாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

படுக்கையும் தன் பங்குக்குக் கெடுதல் செய்கிறது. முதுகின் அடிப்பகுதியிலும் குதிக்காலிலும் தோல் சிவக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். அழுத்தினால் வெளிறாத சிவப்பு, புண்ணின் தொடக்கம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் குருதி உறைந்திருக்கலாம். அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால், ஏற்கெனவே நொந்த நுரையீரலுக்கு அது பேராபத்து. வைத்தியர் அனுமதித்த அன்றே அப்பாவைக் கதிரையில் உட்கார வைத்தோம்; இயன்மருத்துவர் மூன்று சிறு பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தந்து, மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலே நிறுத்திப் பழகச் சொன்னார். மூன்றாவது பந்து எழும்பிய நாளில் அப்பா முதன்முறையாகச் சிரித்தார்.

கிருமியைத் தேடும் விடயத்தில் ஒரு கேள்வியை வீட்டாரும் கேட்கலாம்: வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்துவிட்டதா? குருதி, சளி, நெஞ்சு நீர் ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்து முடிவு சொல்லச் சில நாட்கள் ஆகும். அதற்கிடையில் பொதுவான மருந்துடனேயே சிகிச்சை நடக்கிறது. நம் நாட்டில் காசநோயைத் தவறாமல் நினைத்துப் பார்க்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்றையும் நினைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களையே அது கூடுதலாகத் தாக்குகிறது, நியுமோனியாவாகவும் சீழ்க்கட்டிகளாகவும் தோன்றுகிறது, வழமையான மருந்துகளுக்கு அடங்காமல் மாதக்கணக்கான சிகிச்சையைக் கேட்கிறது. அப்பா அண்மையில் ஊருக்குப் போய் வயல் வேலையைப் பார்த்து வந்தவர் என்பதை நாங்கள் சொன்னபோது, வைத்தியர் ஆய்வுகூடத்துக்குப் போகும் படிவத்தில் அதையும் எழுதினார். அவருக்கு இரண்டும் இல்லை என்று முடிவு வந்தது. எனினும் நீரிழிவு, வயல், கிணறு, வளர்ப்புப் பறவைகள், அண்மைய பயணம் போன்ற விவரங்கள் அற்பமானவை என்று எண்ணி விழுங்கிவிட வேண்டாம். மழைக்காலத்துக் கொழும்பில் டெங்குவும் நெஞ்சறையில் நீரைக் கசியவைக்கும் என்பதால் அதற்கான சோதனையும் நடந்தது.

இவையெல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் ஒரு சிறு கொப்பி வைத்திருந்தோம். காலையும் மாலையும் மூச்சு எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு, எத்தனை தடவை சிறுநீர் கழித்தார், என்ன சாப்பிட்டார், பேச்சு தெளிவா, குழாயில் எவ்வளவு வடிந்தது, இவ்வளவுதான். பார்க்க வருபவர்கள் மாறினாலும் கொப்பி மாறவில்லை. அம்மா பகலில் எழுதியதை நான் இரவில் படிப்பேன். காலைச் சுற்றின்போது வைத்தியருக்கு ஒரு கட்டிலுக்கு ஒதுக்கக் கிடைப்பது சில நிமிடங்களே. அப்போது "அப்பாவுக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்வதற்கும், "நேற்றுக் காலை 22 ஆக இருந்த மூச்சு இன்று 28, நேற்று மத்தியானத்துக்குப் பின் சிறுநீர் போகவில்லை" என்று சொல்வதற்கும் கிடைக்கும் கவனம் வேறு. இரண்டாவது வகையில் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் நின்று, அப்பாவைத் திரும்பத் தொட்டுப் பார்த்தார்.

வீடு திரும்பிய பிறகும் பொறுமை வேண்டும். காய்ச்சல் முதல் வாரத்திலேயே நீங்கினாலும், சளியும் நெஞ்சு வலியும் குறைய ஏறத்தாழ 4 வாரமும், இருமலும் மூச்சிரைப்பும் குறைய 6 வாரமும், களைப்பு நீங்க 3 மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். அப்பாவைப் போலச் சிக்கல்களைக் கடந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். இடையில் காய்ச்சல் திரும்பினால், மூச்சு மீண்டும் வேகமானால், குழப்பம் தோன்றினால், நீர்போல வயிற்றோட்டம் தொடர்ந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பிந்திய வயிற்றோட்டமும் சில வேளைகளில் சிகிச்சை தேவைப்படும் தொற்றே. இன்புளுவென்சாவுக்கும், நியுமோனியாவை உண்டாக்கும் நியுமோகொக்கஸ் என்ற பக்ரீரியாவுக்கும் எதிரான தடுப்பூசிகளைத் தேறிய பின் எப்போது போடலாம் என்று கிளினிக்கில் கேட்டு, தனியார் வைத்தியசாலையில் போட்டுக்கொண்டோம்.

சுமார் 6 வாரங்களின் பின் எடுக்கும் எக்ஸ்ரேயை, சுகமாகிவிட்டதே என்று தவற விடக் கூடாது. ஐம்பது கடந்தவர்களிலும் புகைப்பிடித்தவர்களிலும் நியுமோனியாவின் நிழலுக்குப் பின்னால் புற்றுநோய்க் கட்டி மறைந்திருந்தால் அது வெளிப்படுவது அந்தப் படத்தில்தான். அப்பாவின் படத்தில் அப்படி எதுவும் இல்லை. வலப்பக்கத்துக் கீழ்மூலை மட்டும் சற்று மழுங்கித் தெரிந்தது. அது நீர் இருந்த இடத்தில் எஞ்சிய தழும்பு, அப்படியே இருக்கும் என்றார் வைத்தியர். அந்தப் படத்தையும் நோய் நிர்ணய அட்டையையும் ஒரே உறையில் இட்டு, அடுத்த முறை இருமல் என்று எந்த வைத்தியரிடம் போனாலும் கொண்டுபோகச் சொன்னார். பழைய தழும்பைப் புதிய நீர் என்று நினைத்து மறுபடி ஊசி போட நேராதிருக்க அது உதவும். உறை இப்போது அம்மாவின் அலுமாரியில், அடையாள அட்டைகளுடன் இருக்கிறது.